உள் ரெப்போவும் வெளி ரெப்போவும்: தானாக ஒத்திசைக்க மிரர் போதுமா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். நிறுவனத்துக்குள் இருக்கும் கிட்லேப் சர்வரில் முழு மூலநிரலும் ஒரு ரெப்போவாக, அதாவது கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி மாற்ற வரலாற்றோடு வைத்திருக்கும் கோப்புத் தொகுப்பாக, இருக்கிறது. அதில் ஒரு நூலகத்தை மட்டும் கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறீர்கள். வாரம் ஒருமுறை உங்கள் குழுவில் ஒருவர் உட்கார்ந்து கோப்புகளை நகலெடுத்து, வெளியே போகக்கூடாத நாலைந்து கோப்புகளை நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரே கமிட்டாக, அதாவது வரலாற்றில் ஒரே பதிவாக, போடுகிறார். வெளியாட்கள் புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினால் அதையும் அவரே பேட்சாக (மாறிய வரிகள் மட்டும் உள்ள கோப்பாக) எடுத்து உள்ளே ஒட்டுகிறார். அவர் விடுப்பில் போனால் எல்லாம் நின்றுவிடுகிறது. இதற்குப் பதிலாக குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலையில், ரெப்போவை அப்படியே மறுபக்கம் நகலெடுக்கும் மிரர் புஷ் போட்டுவிட்டால் போதாதா என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உள்ளே இருப்பதை வடிகட்டி வெளியே அனுப்புவது எப்படி? வெளியே வந்ததை உள்ளே வாங்குவது எப்படி? ஒரே வரியை இரண்டு பக்கமும் மாற்றிவிட்டால் யார் சொல் செல்லும்? முதல் இரண்டுக்கும் கருவிகள் இருக்கின்றன. மூன்றாவதற்குக் கருவி கிடையாது, அதை நீங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்காமல் தானியங்கியைக் கட்டியவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். மிரர் போதுமா என்றால், உங்கள் நிலைமையில் போதாது. போதாது என்பதைவிட ஆபத்து என்றே சொல்வேன்.

நான் பில்ட் (நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றுவது), ரிலீஸ் வேலைகளில் பல ஆண்டுகள் இருந்தவன். இதுபோன்ற இருவழிப் பைப்லைன் இரண்டைக் கட்டிப் பராமரித்திருக்கிறேன். இரண்டுமே நாளுக்குச் சில பத்து கமிட்கள் வரும் அளவிலான ரெப்போக்கள். நாளுக்கு ஆயிரக்கணக்கில் கமிட் விழும் இடங்களில் வேகமும் வரிசையும் வேறு விதமான தலைவலி தரும். அங்கே நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் மிரர் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். கிட்டின் புஷ் கட்டளையோடு மிரர் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், உள்ளூர் ரெப்போவில் இருக்கும் எல்லா பிராஞ்சுகளையும் (வரலாற்றின் தனிக் கிளைகள்), எல்லா டேக்குகளையும் (ஒரு கமிட்டுக்கு வைத்த பெயர்கள்), வேறு என்ன குறிப்புகள் இருக்கின்றனவோ அவற்றையும் அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளும். எதிர்ப்பக்கம் வரலாறு பிரிந்திருந்தால் கேட்காமல் மேலே எழுதிவிடும். இங்கே இல்லாமல் அங்கே மட்டும் இருக்கும் பிராஞ்சை அழித்தும் விடும். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை வெளி ரெப்போவிலேயே நேரடியாக ஒரு ரிலீஸ் பிராஞ்ச் வெட்டி வைத்தார். இரவு கிரான் ஓடியது. திங்கள்கிழமை வந்து பார்த்தால் பிராஞ்சைக் காணவில்லை. அவர் கணினியில் நகல் இருந்ததால் தப்பித்தோம். இன்னொரு முறை, ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தாங்கிய சோதனை பிராஞ்ச் ஒன்று அப்படியே பொதுவெளிக்குப் போய்விட்டது. உள்ளே கோப்புகளில் ரகசியம் எதுவும் இல்லை, ஆனால் பிராஞ்சின் பெயரே ரகசியமாக இருந்தது!

கிட்லேப்பில் புஷ் மிரர் வசதி உள்ளமைந்தே வருகிறது, இலவசப் பதிப்பிலும் உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து இழுக்கும் புல் மிரர்தான் பணம் கட்டும் திட்டங்களில் மட்டும். புஷ் மிரரில் பிரிந்துபோன பிராஞ்சுகளைத் தொடாதே என்று சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்காவிட்டால் அதுவும் மேலே எழுதத்தான் செய்யும். முழு ரெப்போவும் பொதுவில் இருக்கலாம், எதிர்ப்பக்கம் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள் என்ற இரண்டும் உறுதியாக இருந்தால் மிரரைத் தாராளமாகப் போடுங்கள், அதைவிட எளிய வழி இல்லை. உங்களுக்கு இந்த இரண்டுமே பொருந்தவில்லை. நாலைந்து கோப்புகளை நீக்க வேண்டியிருக்கிறது, வெளியாட்களும் எழுதுகிறார்கள்.

நீக்கத்தானே வேண்டும், நீக்கிவிட்டு மிரர் போட்டால் என்ன என்று தோன்றும். இங்கேதான் கிட்டின் அடிப்படை குறுக்கே வருகிறது. ஒரு கமிட்டின் அடையாள எண்ணான ஹாஷ் என்பது அந்தக் கணத்தில் இருந்த மொத்தக் கோப்பு மரம், பெற்றோர் கமிட்டின் ஹாஷ், எழுதியவர், பதிந்தவர், நேரங்கள், கமிட் செய்தி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது. ஒரு கோப்பை நீக்கினால் மரம் மாறும், மரம் மாறினால் அந்தக் கமிட்டின் ஹாஷ் மாறும், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு கமிட்டும் மாறும். அதாவது வடிகட்ட ஆரம்பித்த நொடியில் உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வரலாறுகள். கிட்டின் பார்வையில் அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு சாதாரணமாகப் புல் செய்யவோ (இழுக்கவோ) மெர்ஜ் செய்யவோ (இணைக்கவோ) முடியாது. 'வெளியே இருக்கும் இந்தக் கமிட், உள்ளே இருக்கும் அந்தக் கமிட்டிலிருந்து வந்தது' என்ற கணக்கை யாராவது எழுதி வைத்தாக வேண்டும். ஒத்திசைவுத் தானியங்கி என்று நாம் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தக் கணக்குப் புத்தகத்தைப் பராமரிக்கும் வேலைதான்.

இந்தக் கணக்கை எங்கே வைப்பது? தனியாக ஒரு தரவுத்தளத்தில் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். வெளியே போகும் கமிட்டின் செய்தியிலேயே, கடைசிப் பத்தியில், உள் கமிட்டின் ஹாஷை ஒரு வரியாக எழுதிவிடுவதுதான் பெரிய இடங்களிலும் நடக்கிறது. கூகுளின் டென்சர்ஃப்ளோ நூலகத்தின் கிட்ஹப் வரலாற்றைத் திறந்து பாருங்கள், பல கமிட்களின் அடியில் பைப்பர்-ஒரிஜின்-ரெவ்-ஐடி என்று ஒரு எண் இருக்கும். பைப்பர் என்பது கூகுளின் உள் ரெப்போ அமைப்பு. ரியாக்ட் நேட்டிவ், பைடார்ச் திட்டங்களின் பல கமிட்களில் டிஃபரென்ஷியல் ரிவிஷன் என்று ஒரு வரியைப் பார்க்கலாம், அது ஃபேஸ்புக்கின் உள் மறுஆய்வு எண். கூகுள் திறந்த மூலமாக வெளியிட்ட காப்பிபாரா என்ற கருவி, கிட்டிலிருந்து கிட்டுக்கு நகர்த்தும்போது கிட்-ஒரிஜின்-ரெவ்-ஐடி என்ற வரியைத் தானே சேர்த்துவிடும். அடுத்த முறை ஓடும்போது எதிர்ப்பக்கத்தின் வரலாற்றில் பின்னோக்கிப் போய் இந்த வரியைத் தேடி, எங்கே விட்டோம் என்று தெரிந்துகொள்ளும். ஒத்திசைக்கும் சர்வர் எரிந்துபோனாலும் கணக்கு போகாது, புது இயந்திரத்தில் அப்படியே தொடரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: வெளி ரெப்போவில் யாராவது ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்களை ஒன்றாக்கி இணைப்பது) செய்யும்போது அந்த வரி அடிபட்டுப் போகலாம். அப்படிப் போனால் கருவி பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும், அல்லது இடம் தெரியாமல் நிற்கும். அதனால் வெளி முதன்மை பிராஞ்சில் எழுதும் உரிமை அந்தத் தானியங்கியின் பயனர் கணக்குக்கு மட்டும் இருக்க வேண்டும்.

இதுதான் மூன்றாவது கேள்விக்கு நம்மைக் கொண்டுவருகிறது. இரண்டு பக்கமும் சமமாக எழுதலாம், கருவி சேர்த்துவிடும் என்ற ஏற்பாடு நடைமுறையில் நிற்காது என்பதை உறுதியாகச் சொல்வேன். கிட்லேப்பின் சொந்த ஆவணங்களே இருவழி மிரரைப் பற்றி மோதல் வரும் என்று எச்சரிக்கின்றன. ஏதாவது ஒரு பக்கத்தை மூலம் என்று வைக்க வேண்டும். மூலம் உள்ளே என்றால், வெளியே வரும் புல் ரிக்வெஸ்ட் வெளியே மெர்ஜ் ஆகாது. அது ஒரு முன்மொழிவாக உள்ளே கொண்டுவரப்படும், உள்ளே மறுஆய்வு நடக்கும், உள்ளே மெர்ஜ் ஆகும், பிறகு வழக்கமான ஏற்றுமதியில் வெளியே போகும். அங்கே பழைய புல் ரிக்வெஸ்ட் மூடப்படும். கூகுளின் பல திட்டங்கள் இப்படித்தான் நடக்கின்றன. பங்களிப்பவருக்கு இது கொஞ்சம் எரிச்சல். தான் அனுப்பியது 'மெர்ஜ் ஆனது' என்ற ஊதா நிறத்தில் வராமல் 'மூடப்பட்டது' என்று சிவப்பில் வந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். குறைந்தபட்சம் ஏற்றுமதியாகும் கமிட்டில் எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும், மூடும்போது எந்தக் கமிட்டில் சேர்ந்தது என்று தானாக ஒரு குறிப்பும் விழ வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத திட்டங்களுக்கு அதே ஆள் இரண்டாவது முறை பேட்ச் அனுப்புவதில்லை.

மூலம் வெளியே என்றால் கதை தலைகீழ். நூலகம் கிட்ஹப்பிலேயே வளரும், உங்கள் ஊழியர்களும் அங்கேயே புல் ரிக்வெஸ்ட் போடுவார்கள், உள் ரெப்போ அதை ஒரு வெளிச் சார்பாக (தான் பயன்படுத்தும் வெளி நூலகமாக) இழுத்துக்கொள்ளும். நீங்கள் நீக்குவதாகச் சொன்ன நாலைந்து கோப்புகள் என்ன என்று எனக்குத் தெரியாது. அவை உள் சர்வர் முகவரிகள், டிப்ளாய் அமைப்புகள் (நிரலை சர்வரில் நிறுவுவதற்கானவை) போன்றவை என்றால், அவற்றை நூலகத்திலிருந்து பிரித்து வேறு உள் ரெப்போவுக்கு மாற்றிவிட முடியும். மாற்றிவிட்டால் வடிகட்டும் வேலையே இல்லை, இந்தப் பதிலின் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது. என் கருத்தில் சிறிய குழுவுக்கு இதுவே நல்ல வழி. ஒத்திசைக்கும் இயந்திரத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒத்திசைக்கும் தேவையைக் குறைக்கப் பாருங்கள். ஆண்ட்ராய்டைப் பாருங்கள். 2025 மார்ச்சில் கூகுள் அதன் வளர்ச்சி வேலை முழுவதையும் உள் பிராஞ்சுகளுக்கு மாற்றுவதாக அறிவித்தது. பொது பிராஞ்ச், உள் பிராஞ்ச் இரண்டையும் இணைத்துக்கொண்டே இருப்பது சிரமம் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அவ்வளவு பெரிய இடமே இருபக்க எழுத்தை விட்டுவிட்டு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. அவர்கள் தேர்ந்த பக்கம் சரியா என்பது வேறு விவாதம்.

சரி, பிரிக்க முடியாது, மூலம் உள்ளேதான் என்று வைத்துக்கொள்வோம். கருவிகளில் முதலில் நான் பார்க்கச் சொல்வது கிட்டோடு வரும் சப்ட்ரீ. வெளியே போக வேண்டியது ஒரே அடைவுக்குள் இருந்தால், அந்த அடைவின் வரலாற்றை மட்டும் பிரித்து எடுத்துத் தனி பிராஞ்சாகத் தரும். அதே வரலாற்றில் எத்தனை முறை பிரித்தாலும் அதே ஹாஷ்கள்தான் வரும், அதனால் மறுபடி மறுபடி ஓட்டலாம். அடைவுக்குள்ளே இருக்கும் ஒரு கோப்பை மட்டும் விடு என்று அதனிடம் சொல்ல முடியாது, பெரிய வரலாறுகளில் மெதுவாகவும் இருக்கும். அப்படி வடிகட்ட வேண்டுமென்றால் காப்பிபாரா. ஜாவாவில் எழுதப்பட்டது, அதன் அமைப்புக் கோப்பு ஸ்டார்லார்க் என்ற மொழியில் இருக்கும், பார்க்கப் பைத்தான் போலவே இருக்கும். எந்தக் கோப்புகள் போக வேண்டும், எந்தப் பாதை எப்படி மாற வேண்டும், எந்தச் சொல் எதுவாக மாற வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். பாதை மாற்றம், சொல் மாற்றம் போன்றவற்றைத் திருப்பிப் போடவும் அதற்குத் தெரியும், எனவே ஒரே விதிகளை வெளியே போகவும் உள்ளே வரவும் பயன்படுத்தலாம். கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும், ஆவணங்கள் கூகுள்காரர்களுக்காக எழுதியது போலவே இருக்கும், பொறுமை வேண்டும். மூன்றாவதாக ஜோஷ் என்று ஒன்று. பெரிய ரெப்போவின் ஒரு பகுதியைத் தனி ரெப்போ போலக் காட்டும், அதில் செய்த கமிட்டைப் பெரிய ரெப்போவுக்குத் திருப்பியும் தரும். ரஸ்ட் மொழித் திட்டம் மிரி போன்ற தன் கருவிகளின் ரெப்போக்களை முதன்மை ரெப்போவோடு ஒத்திசைக்க இதைப் பயன்படுத்துகிறது. ஃபேஸ்புக்கின் ஷிப்இட்டைப் பற்றிப் பழைய கட்டுரைகளில் படிப்பீர்கள், அதன் பொது ரெப்போ காப்பகமாக மூடப்பட்டுவிட்டது, புதிதாக அதில் இறங்க வேண்டாம். சப்மாட்யூலை யாராவது பரிந்துரைத்தால், அது ஒரு கமிட்டைச் சுட்டிக்காட்டும் முள் மட்டுமே, ஒத்திசைக்காது.

வரலாற்றையே மாற்றி எழுதும் ஃபில்டர்-பிராஞ்ச் கட்டளையை வைத்து ஸ்கிரிப்ட் எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் சொந்தக் கையேடே அதைத் தவிர்க்கச் சொல்லி ஃபில்டர்-ரெப்போ என்ற வேறு கருவியைக் கைகாட்டுகிறது. ஃபில்டர்-ரெப்போவும் ஒருமுறை வரலாற்றைச் சுத்தம் செய்யத்தான், தினமும் ஓடும் ஒத்திசைவுக்கு உருவானது இல்லை.

வெளியே போகும்போது உள்ளே நடந்த ஒவ்வொரு கமிட்டும் தனித்தனியாகப் போக வேண்டுமா, எல்லாம் சேர்ந்து ஒன்றாகப் போக வேண்டுமா என்பது அடுத்த முடிவு. ஒன்றாகச் சேர்த்தால் பாதுகாப்பு அதிகம், ஆனால் வெளியே இருப்பவருக்கு எந்த மாற்றம் ஏன் வந்தது என்று தெரியாது. கூகுளின் ஆப்சீல் நூலகத்தின் பழைய கமிட்களில் 'உள் மாற்றங்களின் ஏற்றுமதி' என்ற பொருள்பட ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வரும். பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று பைசெக்ட் போட்டுத் தேடுபவருக்கு அது பெரிய சுவர். தனித்தனியாக அனுப்பினால் அந்தக் குறை இல்லை, ஆனால் கமிட் செய்திகளும் வெளியே போகும். 'இன்னாருடைய அவசரத்துக்காகத் தற்காலிக ஒட்டு' என்று யாராவது எழுதியிருப்பார். டிக்கெட் எண், உள் சாட் இணைப்பு, சக ஊழியரைப் பற்றிய கிண்டல் எல்லாம் இருக்கும். நாங்கள் செய்தது இது: கமிட் செய்தியில் 'பொது:' என்று தொடங்கும் பத்தி இருந்தால் அது மட்டும் வெளியே போகும், இல்லாவிட்டால் 'உள் மாற்றம்' என்ற ஒரு வரி மட்டும் போகும். முதல் மாதம் பாதிக் கமிட்கள் வெறும் 'உள் மாற்றம்' என்றே போயின. பிறகு மறுஆய்வின்போதே அந்தப் பத்தியைக் கேட்க ஆரம்பித்தார்கள், பழகிவிட்டது. எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் மறக்காதீர்கள். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்ற ஒரு அட்டவணை வைத்து, அதில் பெயர் இல்லாதவரின் கமிட் வந்தால் குழுவின் பொது முகவரியைப் போடுங்கள்.

கோப்புகளை வடிகட்டுவதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். 'இவை போகக்கூடாது' என்ற பட்டியல் வைக்காதீர்கள், 'இவை மட்டும் போகலாம்' என்ற பட்டியல் வையுங்கள். முதல் வகைப் பட்டியலில், நாளைக்கு ஒருவர் புதிதாகச் சேர்க்கும் கோப்பு தானாக வெளியே போகும். இரண்டாவது வகையில் தானாக உள்ளேயே நிற்கும். விடுபட்டால் வெளி பில்ட் உடையும், அது உடனே தெரிந்துவிடும். ரகசியம் கசிந்தால் உடனே தெரியாது. இன்னொன்று, கிட்-அட்ரிபியூட்ஸ் கோப்பில் எக்ஸ்போர்ட்-இக்னோர் என்று குறித்துவிட்டால் வெளியே போகாது என்று நம்பும் பலரைப் பார்த்திருக்கிறேன். அது ஆர்க்கைவ் கட்டளையில் டார் கோப்பு உருவாக்கும்போதுதான் வேலை செய்யும். புஷ்ஷை அது தடுக்காது.

ரகசியச் சாவிகள், கடவுச்சொற்களைத் தேட கிட்லீக்ஸ், ட்ரஃபிள்ஹாக் போன்ற கருவிகளில் ஒன்றை, மாற்றம் முடிந்து புஷ் செய்வதற்கு முன் உள்ள இடத்தில் கட்டாயமாக வையுங்கள். ஏதாவது சிக்கினால் பைப்லைன் நிற்க வேண்டும். கிட்ஹப்பும் தன் பக்கத்தில் புஷ் வரும்போதே தெரிந்த வகைச் சாவிகளைத் தடுக்கும். இரண்டும் இருக்கட்டும். இவை எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்ப வேண்டாம், தெரிந்த வடிவத்தில் இருக்கும் சாவிகளை நன்றாகப் பிடிக்கும், ஒருவர் தன் இஷ்டத்துக்கு வைத்த கடவுச்சொல்லைத் தவறவிடும். ஒருமுறை வெளியே போய்விட்டால் ஃபோர்ஸ் புஷ் (எதிர்ப்பக்கத்தின் மேல் வலுக்கட்டாயமாக எழுதுவது) செய்து வரலாற்றிலிருந்து அழிப்பதில் நேரத்தைச் செலவிடாமல் முதலில் அந்தச் சாவியை ரத்து செய்யுங்கள். கிட்ஹப்பில் ஒரு ரெப்போவும் அதன் ஃபோர்க்குகளும் (மற்றவர்கள் எடுத்த நகல்களும்) உள்ளே ஒரே வலையாகப் பொருட்களைப் பகிர்கின்றன. பிராஞ்சிலிருந்து அழித்த கமிட்டை, ஹாஷ் தெரிந்தவர் அதற்குப் பிறகும் திறந்து பார்க்க முடியும்.

உள்ளே வரும் பாதை இன்னும் நுணுக்கமானது. புல் ரிக்வெஸ்ட் எந்த வெளிக் கமிட்டின் மீது கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும். அந்தக் கமிட்டின் அடியில் இருக்கும் கணக்கு வரியிலிருந்து அதற்கு நிகரான உள் கமிட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். விதிகளைத் திருப்பிப் போட்டு, அந்த உள் கமிட்டின் மேல் ஒரு புது பிராஞ்சாக வைத்து, மெர்ஜ் ரிக்வெஸ்டாக (கிட்லேப்பில் புல் ரிக்வெஸ்டின் பெயர்) திறக்க வேண்டும். அடித்தளம் சரியாக இருந்தால் மீதி மோதல்களைக் கிட்டின் வழக்கமான மும்முனை மெர்ஜே (பொது அடித்தளத்தோடு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு இணைப்பது) பார்த்துக்கொள்ளும். அடித்தளத்தைக் கவனிக்காமல் இன்றைய உள் நிலையின் மேல் வெளிக் கோப்புகளை அப்படியே கொட்டினால், இடையில் உள்ளே நடந்த திருத்தங்களை எல்லாம் அந்தப் புல் ரிக்வெஸ்ட் பின்வாங்குவது போல ஆகிவிடும். கையால் செய்யும்போது உங்கள் ஆள் இதைத் தன்னறியாமலே சரியாகச் செய்துகொண்டிருப்பார், ஸ்கிரிப்டுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். உள்ளே மெர்ஜ் ஆன பிறகு அது மறுபடி ஏற்றுமதியாகி, வெளியே இருந்து மறுபடி இறக்குமதியாகிச் சுற்றிக்கொண்டே இருக்குமோ என்று பயப்படலாம். வெளி முதன்மை பிராஞ்சிலிருந்து எதையும் இழுக்காமல் புல் ரிக்வெஸ்டிலிருந்து மட்டும் இழுத்தால் அந்தச் சுழலுக்கே இடமில்லை.

எல்லா இணைப்பையும் உள்ளிருந்தே தொடங்குங்கள். வெளி சர்வர் உள்ளே தட்டும்படி கதவு திறக்காதீர்கள். வெளியாள் அனுப்பிய நிரலை, உள் டோக்கன்கள் (அனுமதிச் சாவிகள்) இருக்கும் இயந்திரத்தில் ஒரு மனிதர் பார்க்கும் முன் ஓட்டாதீர்கள். சோதனைகள் கூட நிரல்தான். கிட்ஹப்பின் தானியங்கி வேலைச் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் என்ற தூண்டுதல் அடிப்படை ரெப்போவின் ரகசியங்களோடு ஓடும். அதற்குள் வெளியாளின் பிராஞ்சை எடுத்து பில்ட் செய்தால் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தது போலத்தான். வெளியே எழுத ஒருவருடைய சொந்த டோக்கனைப் பயன்படுத்தாதீர்கள், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் ஒத்திசைவும் நிற்கும். அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் செல்லும் டிப்ளாய் சாவி போதும்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் பாதி நாள் போகும். சிஐ இயந்திரங்கள் (மாற்றங்களைத் தானாக பில்ட் செய்து சோதிப்பவை) வழக்கமாக முழு வரலாற்றையும் எடுப்பதில்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் 1 கமிட் மட்டும் எடுக்கும், கிட்லேப் புதுத் திட்டங்களுக்கு 20. அரைகுறை வரலாற்றில் சப்ட்ரீ பிரித்தால் வேறு ஹாஷ்கள் வந்து புஷ் நிராகரிக்கப்படும், அதைப் பார்த்து யாராவது ஃபோர்ஸ் சேர்த்துவிடுவார்கள், அங்கிருந்து எல்லாம் கெடும். முழு ஆழத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். எல்எஃப்எஸ் வசதியில் (பெரிய கோப்புகளைத் தனியாகச் சேமிப்பது) உள்ள கோப்புகள் சாதாரண புஷ்ஷில் மிரரோடு தாமாகப் போய்ச் சேரும் என்று எண்ணாமல் அவற்றுக்குத் தனியாக எல்லாவற்றையும் இறக்கி ஏற்றும் கட்டளைகளை ஓட்டுங்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேலான கோப்பை மறுக்கும், உள்ளே யாராவது அப்படி ஒன்றைச் சேர்த்திருந்தால் அன்றுதான் தெரியும். வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் சர்வர் அனுப்பும் அறிவிப்பு) வந்தால் உடனே ஓடட்டும், ஆனால் வெப்ஹூக் சில நேரம் தொலைந்துபோகும், அதனால் மணிக்கு ஒருமுறை தானாகவும் ஓடட்டும். ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்கள் நடக்காதபடி பூட்டு வையுங்கள். கையெழுத்திட்ட கமிட்கள் இருந்தால், வடிகட்டியதும் அந்தக் கையெழுத்து செல்லாது. தானியங்கி தன் சாவியால் மறுபடி கையெழுத்திடலாம், ஆனால் அது எழுதியவரின் கையெழுத்து ஆகாது.

இதையெல்லாம் கட்டிவிட்டு, உண்மையிலேயே இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கமிட் ஹாஷ்கள் வேறுபடும் என்று மேலே சொன்னேன். ஆனால் மரத்தின் ஹாஷ் அப்படியில்லை. அதில் நேரமோ எழுதியவரோ பெற்றோரோ கிடையாது, கோப்புகளின் பெயர், உள்ளடக்கம், இயக்க அனுமதி மட்டும்தான். உள் ரெப்போவின் கடைசி நிலையை விதிகள் வழியாக ஓட்டி வரும் மரத்தின் ஹாஷும், வெளி முதன்மை பிராஞ்சின் மரத்தின் ஹாஷும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இருந்தால் ஒரு பைட் கூட வித்தியாசம் இல்லை. தினமும் இரவு இந்த ஒரு ஒப்பீட்டை ஓட்டி, வேறுபட்டால் குழுவுக்குத் தகவல் போகும்படி வைத்தோம். நாங்கள் கட்டியவற்றில் அதிகப் பயன் தந்தது இந்தச் சில வரி ஸ்கிரிப்ட்தான். முதல் வாரமே ஒத்திசைக்கும் இயந்திரத்தில் வரிமுடிவுக் குறிகளைத் தானாக மாற்றும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததை அது காட்டிக்கொடுத்தது. வேறுபாடு கண்டால் தானாகச் சரிசெய்ய வைக்காதீர்கள், நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிடட்டும். எந்தப் பக்கம் சரி என்று அதற்குத் தெரியாது.

நான் தீர்ப்புச் சொல்ல முடியாத ஒன்று உரிமை விவகாரம். வெளியாளின் நிரல் உங்கள் உள் ரெப்போவுக்குள் நுழைகிறது என்றால் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வேண்டுமா, கமிட்டில் 'கையொப்பமிட்டவர்' என்ற வரி மட்டும் போதுமா என்பதை உங்கள் நிறுவனத்தின் சட்ட ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும், இறக்குமதி ஓடுவதற்கு முன் அதைச் சரிபார்க்கும் படி ஒன்றைப் பைப்லைனில் சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது கஷ்டம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த நாலைந்து கோப்புகளைப் பிரிக்க முடியுமா என்று முதல் இரண்டு நாள் பார்ப்பேன். முடியவில்லை என்றால் காப்பிபாராவில் ஏற்றுமதியை மட்டும் முதலில் எழுதுவேன். பழைய வரலாற்றைத் தோண்டாமல், இன்றைய வெளி நிலையின் மேல் கணக்கு வரியோடு ஒரு தொடக்கக் கமிட் போட்டு அங்கிருந்து ஆரம்பிப்பேன். முதல் இரண்டு வாரம் உண்மையான வெளி ரெப்போவுக்குப் பதிலாக ஒரு தனிப்பட்ட நகல் ரெப்போவுக்கு அனுப்பி, மர ஹாஷ் தினமும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். அந்த இரண்டு வாரமும் உங்கள் ஆள் வழக்கம்போலக் கையால் செய்யட்டும். அவர் அனுப்பியதும் கருவி அனுப்பியதும் வேறுபடும் இடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எழுதப்படாத விதி ஏதோ ஒன்று அவர் தலைக்குள் இருக்கும். இறக்குமதியை அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு இரண்டு புல் ரிக்வெஸ்ட்தான் வருகிறது என்றால் அதைக் கையாலேயே தொடர்ந்தாலும் நஷ்டம் இல்லை.